செவியால் கற்ற இத்தாலியம்: டூரின் முதல் நேப்பிள்ஸ் வரை

இத்தாலி 1861ஆம் ஆண்டு ஒரே முடியரசாக ஒன்றுசேர்ந்தபோது, இத்தாலிய மொழியை அன்றாடப் பேச்சில் கையாளத் தெரிந்தவர்கள் அந்நாட்டு மக்களில் மிகச் சிலராகவே இருந்தனர். மொழியியலாளர் துல்லியோ தே மௌரோ, ஒன்றுபட்ட இத்தாலியின் மொழி வரலாறு குறித்து 1963இல் வெளியிட்ட நூலில், அவர்களின் அளவை நூற்றுக்கு இரண்டரை என்று மதிப்பிட்டார். பின்னர் அதே கேள்வியை ஆராய்ந்த அர்ரிகோ கஸ்தெல்லானி, டஸ்கனி வட்டாரத்தாரையும் ரோம் நகரத்தாரையும் கணக்கில் சேர்த்து, அதை ஏறத்தாழப் பத்து விழுக்காடாக உயர்த்தினார். எந்தக் கணக்கை ஏற்றாலும், பத்தில் ஒன்பது பேர் வீட்டிலும் சந்தையிலும் பியெமொந்தேசே, லொம்பார்தோ, வெனேத்தோ, நாப்பொலெத்தானோ, சிசிலியானோ முதலான வட்டார மொழிகளையே பேசினர் என்பது தெளிவு. இவை இத்தாலியத்திலிருந்து திரிந்தவை அல்ல, இலத்தீன் என்னும் ஒரே தாயிடமிருந்து அதனோடு உடன்பிறந்தவை. ஃபுளோரன்ஸ் நகரத்தின் இலக்கிய வழக்கு பல நூற்றாண்டுகளாக ஏட்டில் நிலைபெற்றிருந்த போதிலும், அதை நாட்டின் பெரும்பகுதி காதால் கேட்டு நாவால் பேசும் நிலை இருபதாம் நூற்றாண்டில்தான் வந்தது. அந்த மாற்றத்தில் பள்ளிக்கும் படைச் சேவைக்கும் பங்கு உண்டு என்பது போலவே, வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் மிகப் பெரும் பங்கு உண்டு. இந்த வரலாற்றை மனத்தில் கொண்டு பார்த்தால், இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு ஒலிப்பாடம் கேட்டு இத்தாலியம் பழகும் அயல்நாட்டார் குறுக்கு வழியில் நுழைபவர் அல்லர். இத்தாலியர்களே வந்த வழியில் சற்றுப் பின்னால் வருபவர்.

இக்கட்டுரைக்கு அடிப்படையான தொடர்வண்டிப் பயணம் வடமேற்கில் டூரினில் தொடங்கி, மிலான், கஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே, ஃபுளோரன்ஸ், ரோம், காப்புவா ஆகிய ஊர்களைத் தொட்டு நேப்பிள்ஸில் முடிகிறது. ஒலிப்பாடத்தில் ஒரே குரலாக ஒலிக்கும் மொழி, தீபகற்பத்தின் நீளத்தில் எவ்வாறெல்லாம் ஒலிக்கிறது என்பதை ஊர் ஊராகக் கேட்டு அறிவதே அதன் நோக்கம். புறப்படுவதற்கு முன், அந்த ஒரே குரல் எப்படிப்பட்ட கருவி என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

எடிசனின் ஒலிப்பதிவுக் கருவி பரவிய சில காலத்திலேயே மொழி கற்பிப்போர் அதைக் கையில் எடுத்துக்கொண்டனர். ஜாக் ராஸ்டன் 1901இல் லண்டனில் தொடங்கிய லிங்குவாஃபோன் நிறுவனம், மெழுகு உருளைகளில் பதிந்த குரலையும் அச்சிட்ட பாடத்தையும் இணைத்து விற்றது. எனினும் ஒலிப்பதிவு புத்தகத்துக்குத் துணையாக நில்லாமல் தானே ஆசிரியராகும் நிலையை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்க மொழியியலாளர் பால் பிம்ஸ்லர் (1927–1976). ஒரு சொல்லை எத்தனை முறை கேட்கிறோம் என்பதைக் காட்டிலும், எவ்வளவு இடைவெளி விட்டு அதை மறுபடி நினைவுக்குக் கொண்டுவருகிறோம் என்பதே மறதியை வெல்லும் என்று 1967இல் எழுதிய கட்டுரையில் அவர் வாதிட்டார். அவர் முன்வைத்த கால அட்டவணையில் முதல் நினைவூட்டல் 5 நொடிக்குப் பின் வருகிறது. அடுத்தது 25 நொடி. பின் 2 நிமிடம், 10 நிமிடம், 1 மணி, 5 மணி, 1 நாள், 5 நாள், 25 நாள், 4 மாதம், 2 ஆண்டு என்று இடைவெளி படிப்படியாக விரிந்துகொண்டே போகிறது. சொல் மறக்கத் தொடங்கும் தறுவாயில் அதை மீட்டெடுக்கும் முயற்சியே அதை ஆழமாகப் பதிக்கிறது என்பது இதன் அடிப்படை.

பிம்ஸ்லரின் அரைமணிப் பாடங்களில் வேறு இரண்டு உத்திகளும் உள்ளன. முதலாவது, எதிர்பார்ப்பு முறை: பதிவில் உள்ள குரல் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுச் சற்று மௌனம் காக்கும், அந்த மௌனத்துக்குள் கற்பவர் விடையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அதன் பின்னரே சரியான விடை ஒலிக்கும். இரண்டாவது, நீண்ட சொல்லைக் கடைசி அசையிலிருந்து பின்னோக்கிக் கட்டுவது. நிலையத்தைக் குறிக்கும் ‘ஸ்தாட்ஸியோனே’ என்ற சொல் முதலில் ‘னே’ என்றும், பிறகு ‘ட்ஸியோனே’ என்றும், இறுதியில் முழுமையாகவும் ஒலிக்கும். இவ்வாறு கட்டும்போது சொல்லின் முடிவு தேய்ந்துவிடுவதில்லை. ஏறக்குறைய எல்லாச் சொல்லும் உயிரொலியில் முடிவதும், அந்த உயிரொலியே ஆண்பாலா பெண்பாலா, ஒருமையா பன்மையா என்று காட்டுவதும் இத்தாலியத்தின் இயல்பு ஆதலால், இம்முறை அம்மொழிக்கு மிகவும் பொருந்துகிறது. போலந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய மிஷேல் தாமஸ் (1914–2005) வேறு வழியைக் கையாண்டார்: இரண்டு மாணவர்களுக்கு அவர் நேரில் கற்பிப்பதே பதிவாகியிருக்கும், மூன்றாம் மாணவராகக் கேட்பவர் உடன் அமர்ந்துகொள்ள வேண்டும். குறிப்பெடுக்கக் கூடாது, மனப்பாடம் செய்ய முயலவும் கூடாது, நினைவில் நிறுத்தும் பொறுப்பு ஆசிரியருடையது என்பது அவருடைய விதி. பிம்ஸ்லர் காதையும் நாவையும் பழக்குகிறார். தாமஸ் வாக்கியம் எவ்வாறு கட்டப்படுகிறது என்பதை விளங்க வைக்கிறார். இரண்டையும் மாறி மாறிக் கேட்பது ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பதைவிட நல்ல பலனைத் தருகிறது.

இப்பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகவே கிடைப்பதால், தமிழ் பேசுபவர் ஒரு வேண்டாத சுற்றுவழியைக் கடக்க நேர்கிறது. ‘பார்லோ’ என்றால் பேசுகிறேன், ‘பார்லி’ என்றால் பேசுகிறாய், ‘பார்லா’ என்றால் பேசுகிறான் அல்லது பேசுகிறாள். வினைமுற்றின் விகுதியே எழுவாயைக் காட்டிவிடுவதால் ‘நான்’, ‘நீ’ என்பவற்றைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. ஆங்கிலச் செவிக்கு இது புதுமை ஆதலால் பாடங்கள் இதன்மீது நெடுநேரம் செலவிடுகின்றன. தமிழருக்கோ இது பிறந்ததிலிருந்து பழகிய நடை. மெய்யொலி இரட்டிப்பதும் அவ்வாறே. ‘பேனா’ என்றால் வேதனை, ‘பென்னா’ என்றால் எழுதுகோல். ‘கார்ரோ’ என்றால் வண்டி, ‘காரோ’ என்றால் அன்புக்குரிய. ‘ஸேத்தே’ என்பதில் தகரம் ஒற்றையாக நின்றால் தாகம், அழுந்தி இரட்டித்தால் ஏழு. கனியையும் கன்னியையும் வேறுபடுத்திக் கேட்கும் செவிக்கு இவ்வேறுபாடு முதல் பாடத்திலேயே புலப்படும். தமிழிலிருந்து நேரே இத்தாலியத்துக்குச் செல்லும் ஒலிப்பாடம் ஒன்றை ஒருவர் முறையாக அமைத்தால், அதில் பல படிகளைத் தாவிச் செல்லலாம் என்பதில் ஐயமில்லை.

பயணத்தின் முதல் ஊரான டூரின், 1861 முதல் 1865 வரை புதிய நாட்டின் தலைநகராக இருந்தது. பின் அந்தப் பெருமை ஃபுளோரன்ஸுக்கும், 1871இல் ரோமுக்கும் சென்றது. செவிவழிக் கற்பவர் இவ்வூரில் தவறாமல் காண வேண்டிய இடம், இத்தாலிய ஒலிபரப்பு நிறுவனமான ராய் நடத்தும் வானொலி, தொலைக்காட்சி அருங்காட்சியகம். நாட்டின் வானொலி ஒலிபரப்பு 1924 அக்டோபர் 6 அன்று தொடங்கியது. தொலைக்காட்சியின் முறையான ஒளிபரப்பு 1954 ஜனவரி 3 அன்று தொடங்கியது. அருங்காட்சியகத்தில் வரிசையாக நிற்கும் மரப்பெட்டி வானொலிகளையும் குவிந்த கண்ணாடித் தொலைக்காட்சிகளையும் தொழில்நுட்பத்தின் நினைவுச் சின்னங்களாக மட்டும் பார்த்துவிட்டு நகர்வது போதாது. கோடிக்கணக்கான குடும்பங்களுக்குள் ஒரு புதிய மொழி நுழைந்த வாசல்கள் இவையே. 1960 முதல் 1968 வரை ஆல்பர்த்தோ மான்ஸி என்னும் பள்ளி ஆசிரியர், கற்பதற்குக் காலம் கடந்துவிடவில்லை என்ற பொருளுடைய தலைப்பில் நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சி, எழுத்தறியாத பெரியவர்களுக்காகவே அமைந்தது. பெரிய தாள்களில் கரிக்கோலால் விரைந்து படம் வரைந்தபடியே அவர் சொற்களை உச்சரிப்பார்; படம் முழுமையடைவதற்குள் அது இன்னதென்று ஊகிக்கும் ஆவல் பார்ப்பவர்களைப் பிடித்து நிறுத்தும். வீட்டில் தொலைக்காட்சி இல்லாதவர்கள் பொது இடங்களில் கூடி அமர்ந்து அவரைக் கேட்டனர். அவர் வழியாக எழுத்தறிவு பெற்ற இலட்சக்கணக்கானோரில் பலருக்கு, பிழையற்ற இத்தாலியத்தை நாள்தோறும் கேட்கும் வாய்ப்பும் அவரிடமிருந்தே கிடைத்தது. ஒலிப்பாட ஆசிரியர்களின் வரிசையில் பிம்ஸ்லருக்கும் தாமஸுக்கும் இணையாக, ஒருவேளை அவர்களுக்கும் மேலாக, மான்ஸியை வைப்பதே தகும்.

அந்தப் பிழையற்ற இத்தாலியம் எவருடைய தாய்மொழி என்ற கேள்வி இங்கு எழுகிறது. வானொலி அறிவிப்பாளர்கள் எந்த உச்சரிப்பைப் பின்பற்றுவது என்ற சிக்கல் தோன்றியபோது, ஜூலியோ பெர்த்தோனியும் ஃபிரான்செஸ்கோ உகோலினியும் 1939இல் ஒரு கையேட்டைத் தொகுத்தனர். அது ஃபுளோரன்ஸின் வழக்கையும் ரோமின் வழக்கையும் சேர்த்து அச்சாகக் கொண்டு, இரண்டும் முரண்படும் இடங்களில் தலைநகரின் பக்கம் சாய்ந்தது. அதே நோக்கத்தோடு ராய் நிறுவனத்துக்கென 1969இல் வந்த உச்சரிப்பு அகராதி இன்றும் மேற்கோளாகக் காட்டப்படுகிறது. நடிகர்களும் அறிவிப்பாளர்களும் ‘திட்ஸியோனே’ எனப்படும் உச்சரிப்புப் பயிற்சியில் சேர்ந்து அக்குரலைக் கற்றுக்கொள்கின்றனர். ஒலிப்பாடத்தில் பேசும் குரலும் இதுவே. பயிற்சியால் உண்டாக்கப்பட்ட இக்குரல் முழுமையாக எந்த ஊருக்கும் உரியதன்று. எல்லா ஊரிலும் புரிந்துகொள்ளப்படுவதே அதன் வலிமை.

டூரினின் போர்த்தா நுவோவா நிலையத்திலிருந்து மிலானுக்குப் புறப்படும் பயணி, அக்குரலைத் தெருவில் கேட்பதற்கு முன் நடைமேடையில் கேட்பார். வண்டியின் எண், அது ‘இன் அர்ரீவோ’ என்னும் வருகை நிலையில் உள்ளதா ‘இன் பார்த்தென்ஸா’ என்னும் புறப்பாட்டு நிலையில் உள்ளதா என்பது, ‘பினாரியோ’ எனப்படும் இருப்புப்பாதை எண், ‘ரிதார்தோ’ எனப்படும் தாமதத்தின் நிமிடக்கணக்கு ஆகியவை ஒரே வரிசையில், ஒரே ஏற்ற இறக்கத்தில், இரட்டை மெய்கள் ஒவ்வொன்றும் தெளிவாக அழுந்த ஒலிபெருக்கியில் வருகின்றன. மஞ்சள் கோட்டை விட்டு விலகி நிற்கச் சொல்லும் ‘அல்லொந்தனார்ஸி தல்லா லீனேயா ஜால்லா’ என்ற எச்சரிக்கை அவற்றின் இடையிடையே வருகிறது. மாறாத சட்டத்தில் எண்ணும் ஊர்ப்பெயரும் மட்டும் மாறும் இவ்வறிவிப்புகளைவிடச் சிறந்த கேட்டல் பயிற்சி தொடக்க நிலையாளருக்கு வேறெங்கும் கிடைப்பதரிது. விரைவு வண்டியைத் தவிர்த்து, ஊருக்கு ஊர் நிற்கும் வட்டார வண்டியில் செல்வது மொழி கற்பவருக்கு இந்தக் காரணத்தால் பெரும் நன்மை தரும்.

மிலானில் கற்ற மொழிக்கும் கேட்கும் மொழிக்கும் இடையே முதல் விலகல் தென்படுகிறது. வீடு என்னும் பொருளுடைய ‘காஸா’ என்ற எளிய சொல்லை எடுத்துக்கொண்டால், இரண்டு உயிர்களுக்கு நடுவே நிற்கும் ஸகரத்தை வடபுலத்தார் குரல்வளை அதிர, வண்டின் ரீங்காரம் கலந்ததுபோல் ஒலிக்கின்றனர். தெற்கே செல்லச் செல்ல அதே ஸகரம் அதிர்வற்றதாகிவிடுகிறது. ஆயினும் நகரத்தின் அன்றாட வாழ்வில் அதிகம் கைகொடுப்பது அச்சொல்லின் இரட்டித்த இணையான ‘காஸ்ஸா’, அதாவது பணம் செலுத்தும் மேசை. இத்தாலியில் ‘பார்’ என்பது முதன்மையாகக் காப்பிக்கடையைக் குறிக்கும். அவற்றுள் பலவற்றில், குறிப்பாக நிலையங்களிலும் நெரிசலான தெருக்களிலும், முதலில் காஸ்ஸாவில் பணம் கட்டி, ‘ஸ்கொந்த்ரீனோ’ என்னும் ரசீதைப் பெற்று, அதைப் ‘பாங்கோ’ எனப்படும் பரிமாறும் பலகையில் வைத்துக் காப்பியைக் கேட்க வேண்டும். நின்றுகொண்டே குடித்தால் ஒரு விலை, மேசையில் அமர்ந்தால் கூடுதல் விலை என்பது பொதுவான வழக்கம். ‘எனக்கு வேண்டும்’ என்று அதிகாரமாகக் கேட்காமல், ‘கிடைத்தால் நன்று’ என்ற பணிவை உள்ளடக்கிய ‘வொர்ரேய்’ என்ற வினைவடிவத்தை எல்லா ஒலிப்பாடங்களும் தொடக்கத்திலேயே கற்பிப்பதன் அருமை இங்கே விளங்கும்.

மிலானின் வியா மொரோனேயில் நாவலாசிரியர் அலெஸ்ஸாந்த்ரோ மான்ஸோனி வாழ்ந்த வீடு அருங்காட்சியகமாகக் காக்கப்படுகிறது. வீட்டில் மிலான் வழக்கையும் கற்றோர் அவையில் பிரெஞ்சையும் பேசிய அவர், 1827இல் தம் பெருநாவலை வெளியிட்ட கையோடு ஃபுளோரன்ஸுக்குச் சென்று, அங்குள்ளவர்களின் உயிருள்ள பேச்சைக் கேட்டு, 1840 முதல் 1842 வரை வெளிவந்த பதிப்பில் அந்நாவலின் மொழியை முழுவதும் திருத்தி அமைத்தார். இத்தாலிய உரைநடையின் தந்தையாகக் கருதப்படுபவரே அந்த மொழியைச் செவியால் கற்க ஊர்விட்டு ஊர் சென்றார் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

மிலானிலிருந்து கிழக்கே வெரோனா செல்லும் பாதையில், கார்தா ஏரிக்கரையில் உள்ள தெஸென்ஸானோ நிலையத்தில் இறங்கிச் சாலை வழியே தெற்கு நோக்கிச் சென்றால் கஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே என்னும் சிற்றூர் வரும். செஞ்சிலுவை இயக்கத்தின் அருங்காட்சியகத்துக்காக இவ்வூருக்கு வருவோர் உண்டு. தமிழ் வாசகருக்கோ இது 1680ஆம் ஆண்டு கொன்ஸ்தான்ஸோ ஜுஸெப்பே பெஸ்கி என்னும் வீரமாமுனிவர் பிறந்த ஊர். இத்தாலியிலிருந்து சென்று தமிழைக் கற்றவரை, இத்தாலியம் கற்க வந்த பயணி இங்கு எதிர்த்திசையில் சந்திக்கிறார். தேம்பாவணியும் சதுரகராதியும் அவரது புகழுக்குக் காரணமானவை எனினும், செவிவழிக் கற்றலைப் பற்றிய இக்கட்டுரைக்கு நெருக்கமானவை அவர் இலத்தீனில் எழுதிய இரண்டு தமிழ் இலக்கணங்கள்: ஒன்று செந்தமிழுக்கு, மற்றொன்று மக்கள் வாயில் வழங்கும் கொடுந்தமிழுக்கு. ஏட்டில் உள்ள மொழியும் காதில் விழும் மொழியும் வெவ்வேறு இலக்கணம் கொண்டவை, இரண்டையும் தனித்தனியே கற்க வேண்டும் என்று அவர் கண்டதற்கு அவர் பிறந்த நாடே முதல் பாடமாக அமைந்திருக்கலாம் என்று கருத இடமுண்டு. லொம்பார்திப் பேச்சைக் கேட்டு வளர்ந்து, டஸ்கனி வழக்கையும் இலத்தீனையும் ஏட்டில் கற்ற தலைமுறைகள் அங்கே வாழ்ந்தன. குறில் எகர ஒகரங்களையும் நெடில் ஏகார ஓகாரங்களையும் பிரித்தறியும் எழுத்து வடிவங்களைத் தமிழுக்குத் தந்தவரும் அவரே என்பர். இத்தாலியத்திலும் எகரமும் ஒகரமும் இரண்டிரண்டு வகை, ஆனால் வேறுபாடு மாத்திரையில் இல்லை, வாய் திறக்கும் அளவில் உள்ளது. ‘பெஸ்கா’ என்பதில் வாய் அகன்றால் அது பீச் பழம், குறுகினால் மீன்பிடித்தல். எழுத்து இதைக் காட்டுவதில்லை. செவிதான் காட்ட வேண்டும்.

ஃபுளோரன்ஸை அடைந்ததும் பயணி, மொழியின் பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டோம், இனி பாடத்தில் கேட்டதையே கேட்கலாம் என்று எண்ணக்கூடும். அவ்வாறு நிகழ்வதில்லை. அவ்வட்டாரத்தில் இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் ககரம் மென்மையாகி ஹகரமாகிறது. தகரமும் பகரமும் அவ்வாறே காற்றொலியாகத் தளர்கின்றன. இதை ‘கோர்ஜா தொஸ்கானா’, அதாவது டஸ்கனியின் மிடற்றொலி என்பர். ‘லா காஸா’ என்று பாடம் கற்பித்த தொடர் இங்கே ‘லா ஹாஸா’ ஆகிவிடுகிறது. ஆனால் ‘வீட்டுக்கு’ அல்லது ‘வீட்டில்’ என்னும் பொருளில் ‘ஆ காஸா’ என்று எழுதப்படுவதை அதே வாய் ‘அக்காஸா’ என்று ககரத்தை இரட்டித்துச் சொல்கிறது. ஒரே சொல் ஓரிடத்தில் தளர்வதும் இன்னோரிடத்தில் இறுகுவதும் ஏன் என்பதை வல்லினம் மிகும் இடம், மிகா இடம் என்று படித்து வளர்ந்த தமிழருக்கு விளக்குவது எளிது. ‘ஆ’ என்னும் முன்னிடைச்சொல் இலத்தீனில் ‘அத்’ என்று மெய்யில் முடிந்தது. அந்த மெய் காலப்போக்கில் மறைந்தாலும், அடுத்து வரும் மெய்யில் கரைந்து அதை இரட்டிக்கச் செய்தது. ‘லா’ என்னும் பெயர்முன் அடைக்கு அப்படியொரு மெய் இல்லாததால் அங்கே மிகுவதில்லை. மிகாத இடத்தில், ‘மகன்’ என்பதில் நம் ககரம் தளர்வதுபோல், அவர்களின் ககரமும் தளர்கிறது. இலக்கணிகள் இந்த இரட்டிப்பைத் ‘தொடர்வழி இரட்டிப்பு’ என்னும் பொருளுடைய பெயரால் அழைக்கின்றனர். நடு இத்தாலியிலும் தெற்கிலும் இது இயல்பாக ஒலிக்கிறது. வடக்கே பெரும்பாலும் இல்லை. எழுத்தில் இது பெரும்பாலும் காட்டப்படுவதில்லை. ‘தவ்வேரோ’, ‘ஸொப்ரத்துத்தோ’ போன்று இரு சொற்கள் ஒட்டி ஒரு சொல்லாகிவிட்ட இடங்களில் மட்டும் நிலைத்துவிட்டது. புத்தகம் வழியே மட்டும் படித்தவர் இதை நெடுங்காலம் அறியாமல் போகலாம். நல்ல ஒலிப்பாடத்தைக் கவனமாகக் கேட்டவரின் நாவில், விதியின் பெயர் தெரியாமலேயே இது படிந்திருக்கும். செவிவழிக் கற்றலுக்கு இதைவிட வலுவான சான்று வேறு வேண்டியதில்லை.

நகரின் வடமேற்குப் புறத்தில், மெதிச்சி குடும்பத்தாரின் பழைய காஸ்தெல்லோ மாளிகையில், 1583இல் தோன்றிய அக்காதேமியா தெல்லா க்ரூஸ்கா என்னும் மொழிக் கழகம் இயங்குகிறது. க்ரூஸ்கா என்றால் தவிடு. மாவையும் தவிட்டையும் பிரிப்பதுபோல் நல்வழக்கையும் புறவழக்கையும் பிரிப்பதே கழகத்தார் தமக்கு வகுத்துக்கொண்ட பணி. அவர்கள் 1612இல் வெளியிட்ட அகராதி, ஐரோப்பிய நாட்டு மொழி அகராதிகள் பலவற்றுக்கு முன்மாதிரியாயிற்று. கழக உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் தானியம் வாரும் மரத் துடுப்பு ஒன்றில் புனைபெயரும் சித்திரமும் தீட்டிக் கொடுக்கும் மரபு இருந்தது. அத்துடுப்புகள் இன்றும் அங்கே ஒரு கூடத்தில் வரிசையாகத் தொங்குகின்றன. ‘பாலா’ என்பது துடுப்பு, ‘பால்லா’ என்பது பந்து என்று ஒலிப்பாடத்தில் பழகியவர் அக்கூடத்தில் அச்சொல்லின் பொருளைக் கண்ணாரக் காணலாம்.

ரோமுக்குச் செல்லும் பாதையில் தாந்தேயை நினைக்காமல் இருக்க இயலாது. 1302இல் ஃபுளோரன்ஸிலிருந்து நாடுகடத்தப்பட்ட அவர், அலைந்து திரிந்த அடுத்த சில ஆண்டுகளில் மக்கள் மொழியைப் பற்றி இலத்தீனில் எழுதிய நூலில், விதி ஏதும் அறியாமல் செவிலித்தாயைப் பின்பற்றிக் குழந்தை பெறும் மொழி வேறு, நெடிய பயிற்சியால் பெறும் இலக்கண மொழி வேறு என்று பிரித்து, முன்னதே உயர்ந்தது என்றார். அதே நூலில் அப்பெனைன் மலைத்தொடரை முதுகெலும்பாகக் கொண்டு இத்தாலியை இரு பக்கமாகப் பிரித்து, பதினான்கு வழக்குகளைக் காதால் எடைபோட்டுக்கொண்டே செல்கிறார். அந்த ஆய்வில் மிகக் கடுமையான கண்டனம் ரோமானியரின் பேச்சுக்கே கிடைத்தது. தம் சொந்த டஸ்கனியரையும் அவர் விட்டுவைக்கவில்லை. இன்று ரோமின் தெர்மினி நிலையத்தை விட்டு வெளியே வருபவருக்கு அவ்வூர்ப் பேச்சு அத்தனை கடுமையாகத் தோன்றுவதில்லை. ‘எப்போது’ என்னும் ‘குவாந்தோ’ அங்கே ‘குவான்னோ’ ஆவதும், ‘ஒன்று’ நம் பேச்சில் ‘ஒண்ணு’ ஆவதும், மூக்கொலியை அடுத்த வல்லொலி அதனோடு கலந்துவிடும் ஒரே இயல்பின் இரு வடிவங்கள்.

ரோமில் சான் கிளெமெந்தே ஆலயத்தின் கீழ்த்தளத்துக்கு இறங்க வேண்டும். பதினோராம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த ஒரு சுவரோவியத்தில், புனித கிளெமெந்தையே இழுத்துச் செல்வதாக எண்ணிப் பணியாட்கள் ஒரு கல்தூணைக் கயிறு கட்டி இழுக்கின்றனர்; அவர்களை ஏவும் தலைவனின் வசைமொழியும் அவர்களின் பேச்சும் உருவங்களுக்குப் பக்கத்திலேயே மக்கள் மொழியில் எழுதப்பட்டுள்ளன, புனிதரின் வாக்கு மட்டும் இலத்தீனில் நிற்கிறது. இத்தாலியத்தின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளுள் ஒன்றான இது, ஒருவகையில் பேச்சின் பதிவே.

அதற்கும் பழைய சான்று ரோமுக்கும் நேப்பிள்ஸுக்கும் நடுவே இருக்கிறது. காஸ்ஸீனோ வழியாகச் செல்லும் வட்டாரத் தொடர்வண்டியில் ஏறினால், மொந்தேகாஸ்ஸீனோ மடம் மலையுச்சியில் தெரியும். சற்று நேரத்தில் காப்புவா வரும். அம்மடத்துக்கும் அக்வீனோவைச் சேர்ந்த நிலக்கிழார் ஒருவருக்கும் இடையே நடந்த நிலவழக்கு 960ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் காப்புவாவில் விசாரிக்கப்பட்டது. தீர்ப்பு இலத்தீனில் எழுதப்பட்டது. ஆனால் இந்த எல்லைக்குட்பட்ட நிலம் முப்பது ஆண்டுகளாக மடத்தின் கையில் இருந்தது என்னும் சாட்சியம் மட்டும் அவ்வூர் மக்கள் மொழியிலேயே எழுதப்பட்டது. மூன்று சாட்சிகள் ஒருவர்பின் ஒருவராக வந்து, முன்னரே வகுத்துக் கொடுத்த அதே வாசகத்தைச் சொல்லால் மாறாமல் திருப்பிச் சொன்னார்கள். இத்தாலிய மக்கள் மொழியின் பிறப்புச் சான்றிதழ் என்று அறிஞர்கள் போற்றும் அந்த ஆவணம், கேட்டதைத் திருப்பிச் சொல்லும் செயலின் பதிவாக அமைந்திருப்பது செவிவழிக் கற்பவருக்கு மனம் நிறைவு தரும் செய்தி. மடம் 1944 பிப்ரவரி 15 அன்று குண்டு வீச்சில் தரைமட்டமானது. அதற்கு முந்தைய ஆண்டே அதன் ஆவணங்களும் நூல்களும் ரோமுக்குக் கொண்டு செல்லப்பட்டிருந்ததால் அவை தப்பின.

நேப்பிள்ஸில் ஒலிப்பாடத்தின் எல்லை தெளிவாகப் புலப்படுகிறது. நாப்பொலெத்தானோ மொழியில் சொல்லிறுதி உயிர்கள், நம் குற்றியலுகரத்தினும் தேய்ந்த ஓர் ஒலியாக ஒடுங்கிவிடுகின்றன; இறுதி உயிரை நம்பியே பாலையும் எண்ணையும் அறியப் பழகியவர் திகைத்து நிற்பார். ஆனால் அம்மொழி அவ்வேறுபாட்டை இழந்துவிடவில்லை, சொல்லின் நடுவுக்கு நகர்த்திவிட்டது: சிவப்பு நிறத்தைக் குறிக்கும் சொல் ஆண்பாலில் ‘ருஸ்ஸ’ என்றும் பெண்பாலில் ‘ரொஸ்ஸ’ என்றும் உள்ளுயிரால் வேறுபடுகிறது. மரியாதைச் சொல்லும் மாறுகிறது. பொது இத்தாலியத்தில் மதிப்புக்குரியவரை ‘லேய்’ என்னும் படர்க்கைப் பெண்பால் ஒருமைச் சொல்லால் விளிப்பது மரபு. ஃபாசிச அரசு 1938இல் அதை விலக்கி, முன்னிலைப் பன்மையான ‘வோய்’ என்பதைத் திணிக்க முயன்று தோற்றது. நேப்பிள்ஸிலோ எந்த அரசும் சொல்லாமலேயே முதியோரை ‘வோய்’ என்று விளிக்கும் பழைய வழக்கம் இன்றும் உயிரோடு இருக்கிறது. ‘நீங்கள்’ என்று பழகிய தமிழ் நாவுக்கு ‘லேய்’ என்பதைவிட அது இயல்பாகவே வருகிறது.

சந்தைத் தெருவில் ஒரே நேரத்தில் பலர் பேசுவதையும், விலை சொல்லும் வேகத்தையும், பாதியில் விட்டுவிடும் வாக்கியத்தையும் எந்த ஒலிப்பாடமும் கற்பிப்பதில்லை. அறைக்குள் பதிந்த தெளிந்த குரலுக்குப் பழகிய செவி இங்கே புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கிறது. எழுத்தும் சில நாள் இடறும். ‘கியூஸோ’ என்று கேட்டுப் பழகிய சொல், கடை மூடியிருப்பதை அறிவிக்கும் பலகையில் ஆங்கிலம் அறிந்த கண்ணுக்குச் சகரத்தில் தொடங்குவதுபோல் தோன்றும். இத்தாலிய எழுத்துமுறை ஒழுங்கானது ஆதலால் இக்குறை விரைவில் நீங்கிவிடும். சந்தையின் இரைச்சல் அத்தனை விரைவில் வசப்படாது. பிம்ஸ்லரின் அட்டவணையைப் பயணமும் தன் போக்கில் நடத்துகிறது: காப்பிக்குரிய சொற்கள் ஒரே நாளில் பலமுறை திரும்புகின்றன, இருப்புப்பாதை எண் சில நாளுக்கு ஒருமுறை வருகிறது, மருந்துக்கடையில் கேட்க வேண்டிய சொல் எப்போதோ ஒருமுறை தேவைப்பட்டு அப்போது நாவில் வராமல் நிற்கிறது. ஆகவே பயணத்தின்போதும் மாலையில் ஒரு பாடத்தைக் கேட்பது, ஊர் தராத சொற்களைக் காத்துக்கொள்ள உதவும்.

இத்தாலியப் புள்ளியியல் நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் பெரும்பாலும் இத்தாலியமே பேசுவோர் ஏறத்தாழ 46 விழுக்காட்டினர். மூன்றில் ஒரு பங்கினர் வட்டார மொழியையும் இத்தாலியத்தையும் கலந்து பேசுகின்றனர். நேப்பிள்ஸ் அமைந்துள்ள கம்பானியா மாநிலம், வட்டார மொழி இன்றும் வலிமையோடு வழங்கும் பகுதிகளுள் ஒன்று. கடைக்காரர் ஒருவர் பக்கத்துக் கடைக்காரரிடம் நாப்பொலெத்தானோவில் பேசிக்கொண்டிருந்துவிட்டு, அதே வேகத்தில் அயலாரிடமும் தொடர்வார். அப்போது, ‘சற்று மெதுவாக, தயவுசெய்து’ என்னும் பொருளுடைய ‘பியூ பியானோ, பெர் ஃபவோரே’ என்ற தொடரை, எல்லா ஒலிப்பாடங்களிலும் தொடக்கத்திலேயே வரும் அந்தத் தொடரைச் சொன்னால், டூரினிலும் மிலானிலும் அதற்குக் கிடைக்கும் பயன் வேகம் குறைவது மட்டுமே. நேப்பிள்ஸில் கடைக்காரர் மொழியையே மாற்றி, பள்ளியிலும் தொலைக்காட்சியிலும் தாம் கேட்டுக் கற்ற இத்தாலியத்துக்கு வருகிறார், பேச்சு அங்கிருந்து தொடர்கிறது.